எத்தனை மெகாவாட், சரி. எத்தனை மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தொரு வருஷம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது நிலக்கரிதான். ஆகவே நிலக்கரியை நான் திட்டினாலும் பரிந்து பேசினாலும் இரண்டையும் கொஞ்சம் சந்தேகத்தோடே படித்துக்கொள்ளுங்கள்.

தூய எரிசக்தி பற்றிச் செய்தி வராத வாரமே உங்கள் நாளிதழில் இப்போது இல்லை. சந்தோஷம். ஒன்று விடாமல் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வருகிறேன். ஒரே ஒரு குறைதான். 'இத்தனை மெகாவாட் பேட்டரி நிலையம் திறப்பு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வரும். அந்த மெகாவாட்டை அது எவ்வளவு நேரம் கொடுக்கும் என்று செய்தியில் எங்கு தேடினாலும் இருக்காது. போன மாதம் வந்தது இன்னும் மோசம். ஒரு சூரிய மின் நிலையம் 'நாளொன்றுக்கு 50 மெகாவாட் மின்சாரம்' தரும் என்று போட்டிருந்தீர்கள். ஒரு பஸ் நாளொன்றுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும் என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். மெகாவாட் என்பது வேகம். ஓடிய தூரம் வேறு. வீட்டு மீட்டரில் 'யூனிட்' என்று ஏறுகிறதே, ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதுதான் தூரம். பெரிய அளவில் அதையே மெகாவாட்-மணி என்கிறோம்.

கிழவனுக்கு வேறு வேலை இல்லை, எழுத்துப்பிழை பார்க்கிறான் என்று நினைக்கலாம். எனக்கு இது எங்கே பதிந்தது என்று சொல்கிறேன்.

ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட். மணி இரண்டே கால். 210 மெகாவாட் யூனிட் (இங்கே யூனிட் என்றால் மீட்டர் யூனிட் அல்ல; பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த ஒரு தொகுதி) முழு லோடில் ஓடிக்கொண்டிருந்தது. பாய்லருக்குக் காற்று தள்ளும் விசிறிகளில் ஒன்று நின்றது. இன்னொன்றால் தாங்க முடியவில்லை. யூனிட் டிரிப், அதாவது தானாகவே நின்றுவிட்டது. எதிரே அலாரப் பலகையில் சிவப்புக் கட்டங்கள் வரிசையாக எரிந்தன. பஸ்ஸர் அலறியது. மேலே சேஃப்டி வால்வு திறந்து நீராவி இரைந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் கேட்கவில்லை. அந்தக் களேபரத்திலும் என் கண் முதலில் ஃபிரீக்வென்சி மீட்டருக்குத்தான் போனது. மின்தொகுப்பின் தாளம் அது, 50 பக்கம் நிற்க வேண்டும், மின்சாரம் பற்றாவிட்டால் இறங்கும். 50.02 என்று இருந்தது 49.94க்கு இறங்கி நின்றது. அதற்குள் எந்த நிலையம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பார்க்கும் லோடு டிஸ்பாட்ச் மையத்திலிருந்து ஃபோன். என்ன ஆச்சு, யாருக்காவது அடிபட்டதா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"எவ்வளவு போச்சு?"

"இருநூத்திப் பத்து சார்."

"எத்தனை மணி நேரம்?"

"பார்த்துச் சொல்றேன் சார்."

"பார்த்துச் சொல்றதுன்னா எத்தனை மணி நேரம்?"

அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் என் வேலைக்காலம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதை விட்டதில்லை. உங்கள் நிருபர்கள் முதல் கேள்வியோடு ஃபோனை வைத்துவிடுகிறார்கள்.

அதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2024 முடியும்போது உலகில் நிறுவப்பட்டிருந்த சூரிய மின்திறன் ஏறத்தாழ 2,000 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் என்றால் ஆயிரம் மெகாவாட்). நிலக்கரி மின் நிலையங்களின் மொத்தத் திறனும் அதே 2,000 ஜிகாவாட்டுக்குச் சற்று மேல்தான். மெகாவாட்டை மட்டும் பார்ப்பவர் இரண்டும் சரிசமம், நிலக்கரியின் கதை முடிந்தது என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த வருஷம் உலகம் செலவழித்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. சூரியனிலிருந்து வந்தது 7 சதவீதம் வாக்கில். சூரியப் பலகையில் கோளாறு ஒன்றும் இல்லை. ராத்திரி உண்டு, மேகம் உண்டு, காலையும் மாலையும் சாய்ந்த வெயில் உண்டு. நிலையாகப் பொருத்திய பலகை வருஷச் சராசரியில் தன் திறனில் நாலில் ஒரு பங்கை எட்டினாலே பெரிது. மூட்டமான ஊர்களில் பத்தில் ஒரு பங்குதான் தேறும்.

சூரிய மின்சாரத்தை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் மின்கலத்தைக் காட்டியதிலிருந்து உலகம் முதல் 1,000 ஜிகாவாட்டை எட்ட 2022 வரை ஆனது. அடுத்த 1,000 ஜிகாவாட் வந்து சேர இரண்டே வருஷம். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் ஷிஃப்டே சிரித்திருக்கும். 2025இன் முதல் ஆறு மாதத்தில் நீர், காற்று, சூரியன் எல்லாம் சேர்ந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உலக அளவில் நிலக்கரியை முதல்முறையாக முந்தியும் விட்டது. கவனியுங்கள், இது மெகாவாட் கணக்கில் முந்தியதல்ல, யூனிட் கணக்கில் முந்தியது. முதல் பக்கத்தில் வர வேண்டிய செய்தி. என் நோட்டில் அது உள்பக்கத்துச் சின்னப் பெட்டிச் செய்தியாக ஒட்டியிருக்கிறது. மெகாவாட் திறப்பு விழாக்களுக்குத்தான் முதல் பக்கம்.

நிருபர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2023 டிசம்பரில் துபாயில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் (28ஆவது) புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்வது என்று நாடுகள் முதல்தடவையாக எழுத்தில் ஒப்புக்கொண்டன. அதே தீர்மானத்தில் 2030க்குள் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை மூன்று மடங்காக்குவது என்றும் இருக்கிறது. எதை மூன்று மடங்கு? திறனை. அதாவது வேகத்தை. உலகத் தலைவர்களே அப்படி எழுதும்போது நிருபர் என்ன செய்வார், சரிதான்.

பேட்டரிக்கு வருகிறேன். அங்கேதான் அந்த இரண்டாவது கேள்விக்கு உயிரே இருக்கிறது. 2017இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் பெரிய லித்தியம் பேட்டரி ஒன்றை நிறுவினார்கள். அன்றைக்கு உலகிலேயே பெரியது. 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. முழு வேகத்தில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும், அவ்வளவுதான். 'இதை வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்தை ராத்திரி முழுக்க ஓட்ட முடியுமா' என்று கேலி செய்தவர்களும் உண்டு. 'இனி நிலக்கரி வேண்டாம்' என்று குதித்தவர்களும் உண்டு. இரண்டு பேருமே அது எதற்கு வைக்கப்பட்டது என்று பார்க்கவில்லை. அந்த டிசம்பரிலேயே நள்ளிரவுக்குப் பிறகு, பக்கத்து விக்டோரியா மாநிலத்தில் உள்ள லாய் யாங் நிலையத்தின் நிலக்கரி யூனிட் ஒன்று 560 மெகாவாட்டோடு டிரிப் ஆனது. ஃபிரீக்வென்சி சரிந்த சில நொடிகளுக்குள்ளேயே பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்தப் பேட்டரி மின்சாரத்தைத் தள்ளியது. கொடுத்தது என்னவோ ஏழு மெகாவாட் சொச்சம்தான். இழந்த 560க்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் சரிவைத் தடுக்கக் கை நீட்டிய வேகம் இருக்கிறதே, அதற்குள் நாங்கள் ஃபோனைக்கூட எடுத்திருக்க மாட்டோம். ஆகவே ஒரு பேட்டரி நொடிக்கணக்கில் தாங்கிப் பிடிக்க வந்ததா, சாயங்கால மணிகளைக் கடத்த வந்ததா என்று தெரிந்தால்தான் செய்திக்கு அர்த்தம்.

சாயங்காலம் என்றால் கலிஃபோர்னியாவைச் சொல்ல வேண்டும். அங்கே பகலில் சூரிய மின்சாரம் வழிகிறது. பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கும் ஏசியும் போடும் நேரத்தில் அது சரசரவென்று இறங்குகிறது. அந்தச் சில மணி நேரத்தைச் சமாளிக்கத்தான் பெரும்பாலும் நாலு மணி நேரம் தாங்கும் பேட்டரிகளை அடுக்கினார்கள். நாலு மணி நேரம் கொடுக்க முடியாததை அங்கே முழு மெகாவாட்டாகக் கணக்கில் எடுப்பதில்லை. விதியே அப்படி. லோடு டிஸ்பாட்ச்சின் இரண்டாவது கேள்வியைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 2024 ஏப்ரலில் ஒரு சாயங்காலம், கொஞ்ச நேரத்துக்கு, அந்த மின்தொகுப்பில் மற்ற எந்த ஒரு வகை மின்சாரத்தையும்விட அதிகம் கொடுத்தது பேட்டரிகள்தான். பகல் வெயிலை ராத்திரி எட்டு மணிக்கு எரித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வெயிலும் காற்றும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் ஏமாற்றினால் நாலு மணி நேரப் பேட்டரி போதாது. அது வேறு கணக்கு. நீரேற்று மின் நிலையம் (மேலே ஏற்றி வைத்த தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பது), தூரத்து மின்பாதை, கையிருப்பில் சில எரிவாயு யூனிட்கள் என்று போகும்.

இவ்வளவு சொன்னதும் என் பழைய சகாக்கள் சிலர் கை தட்டுவார்கள். 'பார்த்தாயா, நிலக்கரி இருபத்துநாலு மணி நேரமும் நிற்கும்' என்பார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. விசிறி நின்ற கதையை மேலே சொன்னேன். பாய்லர் டியூபில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் யூனிட்டை நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளே ஆளை இறக்கி வெல்டு வைத்து, மறுபடி தீ மூட்டிச் சூடேற்றி லோடு எடுக்கக் குறைந்தது ஒன்றரை நாள். வருஷாந்திரப் பராமரிப்புக்கு வாரக்கணக்கில் மூடுவோம். நின்ற டர்பைனைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. சூடான தண்டு தன் எடையிலேயே வளைந்துவிடும் என்பதால் நிமிஷத்துக்குச் சில சுற்றாக நாள்கணக்கில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உலகத்து நிலக்கரி நிலையங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வருஷத்தில் தங்கள் முழுத் திறனில் பாதிக்குச் சற்று மேல்தான் ஓடுகின்றன. கோளாறும் ஒரு காரணம், வாங்க ஆள் இல்லாததும் ஒரு காரணம். 'எத்தனை மணி நேரம்' என்ற கேள்வி எங்களுக்கும் உண்டு என்கிறேன்.

நிலக்கரிக்காரர்கள் நீட்டும் இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் கட்டுரைகளிலும் அது அப்படியே வருகிறது. 'இவ்வளவு பேசியும் உலக எரிசக்தியில் 80 சதவீதம் இன்னும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுதான்.' எண் சரி. ஆனால் அது அடுப்பில் வைத்ததன் கணக்கு, சமைந்து வந்ததன் கணக்கல்ல.

நான் ஓட்டிய யூனிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே போனது 210 மெகாவாட். அதற்காகப் பாய்லருக்குள் நாங்கள் எரித்த வெப்பம் 600 மெகாவாட்டுக்குச் சமம். மணிக்கு 130 டன் வாக்கில் நிலக்கரி உள்ளே போகும். மீதி ஏறத்தாழ 390 எங்கே? கொஞ்சம் புகைபோக்கி வழியாக. பெரும்பகுதி, டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் ஓடும் தண்ணீரைச் சூடாக்கி, அந்தத் தண்ணீர் குளிர்விப்புக் கோபுரத்தில் ஏறி, ஆவியாகி வானத்தில் கரைந்துவிடும். விடியற்காலையில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கோபுரத்துக்குக் கீழே நின்றால் பொடிச்சாரல் முகத்தில் விழும். குளிர்ச்சியாக இருக்கும். மூன்று லாரி கரி எரித்தால் இரண்டு லாரி நம் முகத்தில் சாரலாக விழுகிறது என்று எங்கள் போர்மேன் ஒருவர் சொல்வார். மிகை இல்லை. இதில் யார் மேலும் குற்றம் இல்லை. வெப்பத்தை வேலையாக மாற்றும்போது இயற்கை பிடித்துக்கொள்ளும் கமிஷன் அது. பெட்ரோல் எஞ்சினில் இன்னும் மோசம், நாலில் மூன்று பங்கு வெப்பமாகவே போய்விடும். மின்சார மோட்டாரில் தலைகீழ், போகிற பங்கு சின்னது.

அப்படியென்றால் அந்த 80 சதவீதத்தையும் அப்படியே ஈடுகட்ட வேண்டியதில்லை. சாரலாகப் போனதை யாரும் ஈடுகட்டப் போவதில்லையே. அதில் வேலையாக மாறிய பங்குக்கு மாற்று கிடைத்தால் போதும். இந்த எண் நாளிதழில் வரும்போதெல்லாம் 'மலையைப் பெயர்க்க முடியுமா' என்று வாசகர் சோர்ந்துபோகிறார். மலை இருப்பது வாஸ்தவம். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஆவி. கடலில் கப்பல்கள் ஏற்றிச் செல்லும் சரக்கு எடையில் 40 சதவீதம் வாக்கில் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவுமே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எரிபொருளைச் சுமக்கவே எவ்வளவு எரிபொருள்! இதற்குப் பதில் 'சூரியப் பலகையும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தானே மின்சாரமாக்குகிறது' என்று எதிர்க்கேள்வி வரும். வரட்டும். மீதி நாலு பங்கு வெயிலை யாரும் சுரங்கத்தில் வெட்டவில்லை, கப்பலில் ஏற்றவில்லை.

கோபுரம் என்றதும் ஞாபகம் வருகிறது. காற்று மாசு, கரியமில வாயு என்று எந்தச் செய்தி வந்தாலும் இடுப்பு சிறுத்த அந்தக் குளிர்விப்புக் கோபுரத்தின் படத்தைத்தான் போடுகிறீர்கள். அதிலிருந்து வெள்ளையாக எழும்புவது வெறும் தண்ணீர். அணுமின் நிலையத்திலும் அதே கோபுரம் உண்டு. குற்றவாளி பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் புகைபோக்கி. அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்கே தெரியாது. ஒரு கிலோ கார்பன் எரிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மூன்றரைக் கிலோவுக்கு மேல் வாயுவாக வெளியேறும். உள்ளே போனதைவிட வெளியே வருவதுதான் கனம். என் பேத்திக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. "தாத்தா, எரிச்சா குறையத்தானே செய்யும்?" என்றாள். கார்பன் அணுவின் எடை 12, அது எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடின் எடை 44 என்று எழுதிக் காட்டியும் அரை மனசாகத்தான் தலையாட்டினாள்.

பேச்சு வளர்கிறது. சுருக்கமாக இன்னும் இரண்டு.

ஃபிரீக்வென்சி. ஓர் அனல் யூனிட்டில் பல பத்து டன் எடையுள்ள தண்டு நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. தொகுப்பில் உள்ள எல்லா யூனிட்டும் ஒரே தாளத்தில். பலர் சேர்ந்து ஒரு வடத்தை இழுக்கும்போது ஒருவர் கைவிட்டால் மற்றவர்கள் தள்ளாடினாலும் அவர்கள் எடை கொஞ்ச நேரம் வடத்தைப் பிடித்து நிற்கும் இல்லையா, அதேதான். சூரியப் பலகையில் சுற்றுவது எதுவும் இல்லை. ஆகவே நிலக்கரியை மூடும்போது அந்த எடைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஏற்பாடு இருக்கிறது. நிலக்கரியும் இல்லாமல் நீராவியும் இல்லாமல் தொகுப்பின் மின்சாரத்திலேயே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் சின்க்ரனஸ் கண்டென்சர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2021இல் அப்படி நாலு பொருத்தினார்கள். பழைய நிலையத்து ஜெனரேட்டரையே டர்பைனிலிருந்து கழற்றி இப்படிச் சுற்ற விடவும் முடியும். என் மாதிரி ஆட்களுக்கு அதில் ஒரு ஆறுதல். பாய்லர் அணைந்த பிறகும் அந்தத் தண்டு நிற்க வேண்டியதில்லை.

அப்புறம், வருஷக் கணக்கு. ஒரு நிலக்கரி நிலையம் இன்று கட்டினால் நாற்பது வருஷம் ஓடும். கடன் அடையும் வரை மூட விடமாட்டார்கள். லண்டனில் ஹோல்போர்ன் வயடக்ட் என்ற இடத்தில் எடிசனின் நிலக்கரி மின் நிலையம் தொடங்கியது 1882இல். பிரிட்டனின் கடைசி நிலக்கரி நிலையம், ராட்க்ளிஃப், மூடப்பட்டது 2024 செப்டம்பர் 30. நூற்று நாற்பத்திரண்டு வருஷம். ஆனால் 2012இல்கூட அங்கே 40 சதவீத மின்சாரம் நிலக்கரியில்தான் வந்தது. தொடங்கி வளர்ந்து நிற்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்த தொழில், அந்த 40 சதவீதத்திலிருந்து பன்னிரண்டே வருஷத்தில் முடிந்தது. அந்த வேகத்தில் இறங்கும்போது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அடுத்த வேலை என்ன என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஸ்பெயினில் 2018இல் சுரங்கங்களை மூடுமுன் அரசும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை.

இனி என் வேண்டுகோள். மின் நிலையம் பற்றிய செய்தி என்றால் மெகாவாட்டுக்குப் பக்கத்தில் 'வருஷத்துக்கு இத்தனை யூனிட்' என்று ஒன்று. பேட்டரி என்றால் 'இத்தனை மணி நேரம்' என்று ஒன்று. நாலு சொல் கூடுதல், இடம் அடைக்காது. படம் போடுவதானால் புகைபோக்கி.

நோட்டை எண்ணிப் பார்த்தேன். பேட்டரி செய்திகள் பதினாலு. மணிக்கணக்கு இருப்பது இரண்டில். ஒன்பதுக்கு நானே அங்கே இங்கே தேடி ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றுக்கு எங்கும் கிடைக்கவில்லை. அந்த மூன்றின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நிருபர்கள் விசாரித்துச் சொன்னால் குறித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அனல்மின் நிலைய ஊழியர் ஒருவர்